நாலு முழ வயர்

அந்த வயரில் இரண்டு இடத்தில் வீக்கம் இருக்கும். டிவிப் பக்கமிருந்து வந்தால் ஒரு சாண் தள்ளி முதலாவது. அங்கிருந்து நாலு முழம் கழித்து இரண்டாவது. இரண்டின் மேலும் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். நடுவிலுள்ள நாலு முழம் சாம்பல் நிறம், மற்றதெல்லாம் கறுப்பு. வீடியோ கேம் பெட்டியிலிருந்து இரண்டாவது ஆட்டக்காரரின் ஜாய்ஸ்டிக்குக்குப் போகிற வயர் அது. கையில் பிடித்து விரலால் அழுத்துகிற தட்டையான பொருள்தான் என்றாலும் நாங்கள் அதை ஜாய்ஸ்டிக் என்றே சொன்னோம். அந்த வயரை ஒட்டி நீட்டியவர் என் அப்பா. எத்தனையோ வருடம் அதைத் தாண்டிப் போய் வந்த நான், போன மாதம் அதைக் கழற்றி வீசப் பார்த்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். நான் நல்லது செய்யக் கிளம்பினாலே என் மனைவி நெஞ்சில் கைவைத்துக்கொள்வாள்.

அண்ணன் கல்யாணமாகி நாற்பத்தைந்தாம் நாள் துபாய்க்குத் திரும்பிப் போய்விட்டார். மதினிக்கு அப்போது இருபத்தொரு வயது, எனக்குப் பன்னிரண்டு. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. நுழைந்ததும் கூடம், கூடம் முடிகிற இடத்தில் அடுப்படி. அப்பா வீட்டில் இருக்கும்போது கூடம் அவருடையது. மாமனார் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு மருமகள் வந்து நிற்பதில்லை, நேருக்கு நேர் பேசுவதுமில்லை. யாரும் போட்ட உத்தரவல்ல. அவரவர் வீட்டில் பார்த்து வளர்ந்ததை அவரவர் செய்தார்கள். அதனால் இருவருக்கும் நடுவில் தபால்காரன் வேலை எனக்கு. “மாமாவுக்குக் காப்பி ஆறுதுன்னு சொல்லுங்க தம்பி” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். “அந்தப் பிள்ளையச் சீனி கொறச்சுப் போடச் சொல்லுடா” என்பார் அப்பா. பன்னிரண்டு அடி தூரம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வீடியோ கேம் அண்ணன் அனுப்பியது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது, பழைய போர்வைத் துணியில் பொதிந்து தைத்த பார்சலை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்த்தார். துணியின் மேல் மார்க்கர் பேனாவால் என் பெயர். கட்டியவளுக்கு விளையாட்டுச் சாமான் அனுப்பினான் என்று ஊர் சிரிக்கக்கூடாதே என்பதற்காக என் பெயரை எழுதினாரோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. பெயர் என்னுடையது, பெட்டியும் என்னுடையது, முதல் ஜாய்ஸ்டிக்கும் என்னுடையது. இரண்டாவதைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டாள். மிச்சம் மதினிதான்.

இரண்டு பேர் சேர்ந்து தெருவில் நடந்துபோய், எதிரே வருகிற தடியன்களை அடித்துக் கவிழ்க்கிற ஆட்டம் அது. மதினி தடியன்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்தார். பெரிய தொந்திக்காரன் ரேஷன் கடைக்காரர். சங்கிலியைச் சுழற்றுகிறவள், மதினியின் கல்யாணத்தில் பந்தியில் சண்டை போட்ட ஒரு சொந்தக்காரி. “இருங்க தம்பி, இவள நான் பாத்துக்கிறேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பார். அடுப்படிக்குள் குனிந்த தலையோடு நடமாடுகிற அதே ஆள்தானா என்று இருக்கும். ஆனால் வெளியே அப்பாவின் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டதும் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவார். மதினியின் ஆள் நடுத்தெருவில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பான். ரேஷன் கடைக்காரர் அவனைக் கூப்பிட்டுவைத்து அடிப்பார். எனக்கு அழுகை வரும்.

ஒரு சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் அப்பாவிடமே பிராது கொடுத்தேன். “நீங்க வந்தாலே மதினி எந்திரிச்சுப் போயிர்றாங்க. அவங்க ஆளு செத்துப்போறான். அடுப்படிக்கு வயரு எட்டாதுல்ல” என்றேன். அப்பா செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். அடுப்படி நிலைப்படியைப் பார்த்தார். மறுபடி செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. எனக்கு அன்று மதினியிடம் நல்ல திட்டு.

அப்பா டெலிபோன் கேபிள் ஒட்டுகிறவர். ரோட்டோரக் குழிக்குள், தலைக்கு மேல் ஒரு குடையை நட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை நிறம் பார்த்து ஒன்றோடு ஒன்று சேர்க்கிற வேலை. தன் ஒட்டில் ஒரு லைன்கூட மாறிப் பேசியதில்லை என்பது அவருடைய பெருமை. வேறு பெருமை எதையும் அவர் வாயால் கேட்டதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டிவியிலிருந்து நிலைப்படி வரைக்கும் கையால் முழம் போட்டார். நாலு முழம் குறைந்தது. வேலையில் மிஞ்சிய கேபிள் துண்டை எடுத்து அளந்து நறுக்கி, ஜாய்ஸ்டிக்கின் வயரை வெட்டி, நடுவில் சேர்த்தார். வெட்டியபோது என் உயிர் போய் வந்தது. ஒவ்வோர் இழைக்கும் ஒரு குட்டிக் குழாயை மாட்டி, முறுக்கி, மூடினார். முதல் பக்கம் முடிந்து இரண்டாவது பக்கத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. லைட்டைப் போடட்டுமா என்றேன். எனக்கு லைட்டு எதுக்குடா என்றார்.

முடித்துவிட்டு எழுந்துபோய் ஜாய்ஸ்டிக்கை அடுப்படி நிலைப்படியின் மேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “அந்தப் பிள்ளைக்கு இனிமே எட்டும்னு சொல்லுடா” என்றார். நான் சொன்னேன்.

அன்றைக்கு மதினி ஆடியதை ஆட்டம் என்றே சொல்லமுடியாது. நிலைப்படிக்கு உள்ளே, பாதி உடம்பு கதவுக்கு மறைவில், கையில் ஜாய்ஸ்டிக். மதினியின் ஆள் எதிரியைப் பார்த்துப் போவதற்குப் பதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். குழியைக் கண்டால் நேராக அதில் போய் விழுந்தான். “என்ன மதினி, அங்கிட்டுப் போறீங்க” என்று நான் கத்தினேன். “பழகிக்கிறேன் தம்பி” என்று உள்ளேயிருந்து மெதுவாக வந்தது. மாமனார் உட்கார்ந்திருக்கிற பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. அப்புறம் கை வந்துவிட்டது. ஒரு மாதத்தில் என்னைவிட நன்றாக ஆடினார். அப்பா செய்தித்தாளைப் பிடித்திருப்பார், பக்கம் மட்டும் திரும்பாது. ஒருநாள் செய்தித்தாளுக்குள்ளிருந்து, “பின்னாடி ஒருத்தன் வர்றான்” என்று சத்தம் வந்தது. மதினி திரும்பி அவனை அடித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சொல்லாமல் போய்ச் சேர்ந்த முதல் தபால் அதுதான்.

மதினியிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. தனியாக ஆடுகிற நாட்களிலும் என் ஜாய்ஸ்டிக்கைத் தொடமாட்டார். அதைப் பிடுங்கிவிட்டு, தன் நீள வயரை என்னுடைய இடத்தில் செருகித்தான் ஆடுவார். தன்னுடையதை என்னிடம் கொடுக்கவும் மாட்டார். “அது எனக்கு ஒட்டுனது தம்பி” என்று வாங்கி வைத்துக்கொள்வார். பிறந்த வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குடத்தைக்கூட அடுத்த வீட்டுக்கு இரவல் கொடுக்கிறவருக்கு இதில் மட்டும் என்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபம் வரும். காரணம் புரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்பா இல்லை, அம்மா இல்லை. அண்ணன் திரும்பி வந்து, சாப்பிட்டதும் தூங்குகிறவராக ஆகிவிட்டார். அவர்கள் மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் டிவி மூன்று முறை மாறிவிட்டது, அந்தப் பெட்டியும் அந்த ஒரே ஆட்டமும் மாறவில்லை. மதியம் சமையலை ஒதுக்கிவிட்டு அரைமணி நேரம் ரேஷன் கடைக்காரரை அடிப்பது மதினிக்கு மாத்திரை போட்டுக்கொள்வது மாதிரி. சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் நான், டவுனுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாலும் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். சில நாள் கூட உட்கார்ந்து ஆடுவேன், தோற்பேன்.

போன வருடக் கடைசியில் மதினிக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் கட்டில் போட்டு, பிடித்து நடக்க வாக்கர் ஒன்றும் வாங்கி வைத்தார்கள். ஒருநாள் வாக்கரின் கால் அந்த வயரில் மாட்டிக்கொண்டது. விழவில்லை, அண்ணன் பிடித்துவிட்டார். ஆனால் போனில் இதைக் கேட்ட மகன் குதித்தான். கூடத்தில் ஒரு வயரும் கிடக்கக்கூடாது, அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போடுங்கள் என்று சொல்லிவிட்டான். போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் மதினி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்ன உடற்பயிற்சி செய்வதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். ஒருநாள், “எங்கம்மாவும் இப்பிடித்தான் தம்பி, கட்டில்ல உக்காந்த மூணு வருசத்துல எல்லாரையும் மறந்துருச்சு” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பழைய ஜாய்ஸ்டிக்கை வயர் இல்லாததாக மாற்ற ஒரு கிட் விற்கிறார்கள் என்று ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன்தான் காட்டினான். எங்கள் பெட்டியின் மாடலுக்கென்றே இருந்தது. வரவழைத்தேன். உள்ளங்கை அளவில் ஒரு போர்டு, அதில் ஒட்டிய சின்ன பேட்டரி, பெட்டியில் செருக வேண்டிய ரிசீவர் ஒன்று. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, ஜாய்ஸ்டிக்கை மட்டும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். பின்னால் ஏழு திருகு. கழற்றித் திறந்ததும் உள்ளே மஞ்சள்பொடி வாசனை வந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம். பொத்தான்களையும் அவற்றுக்கு அடியிலிருந்த ரப்பரையும் எடுத்துக் கழுவித் துடைத்தேன். பழைய போர்டை அதன் வயரோடு அப்படியே வெளியே தூக்கி வைத்துவிட்டு, புதியதை உட்காரவைத்து, பொத்தான்களை அடுக்கி மூடினேன். அரைமணி நேர வேலை. வயர் வந்த ஓட்டை மட்டும் மூக்குத்தி கழற்றிய துளை மாதிரி இருந்தது.

மறுநாள் மதினியின் கையில் கொடுத்தபோது இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “வயரு எங்க?” என்றார். இனிமேல் வயரே வேண்டாம் என்றேன். கட்டிலில் இருந்தபடியே ஆட்டத்தைத் தொடங்கினார். ரேஷன் கடைக்காரர் வந்தார். மதினியின் ஆள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். திரும்ப முயன்றான், குழியில் விழுந்தான். மறுபடி விழுந்தான். நாலைந்து தடவை பார்த்துவிட்டு மதினி ஜாய்ஸ்டிக்கை மெத்தையின் மேல் வைத்தார். “கை மறந்துபோச்சு தம்பி” என்றார். பிறகு, “ஆரம்பிச்சிருச்சு போல” என்றார். எங்கம்மாவும் இப்படித்தான் என்ற அந்த வாக்கியம் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. ரொம்ப நாளாக ஆடாததுதான் காரணம் என்று ஏதோ உளறினேன். அவர் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் ஜாய்ஸ்டிக்கைத் துடைத்து என்னிடமே நீட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது பழைய வயர் மேஜையிலேயே கிடந்தது. குப்பையில் போடக் கையில் எடுத்தவன் போடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிய அந்த ஆளை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா வயரை ஒட்டிக் கொடுத்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. பிளேடால் முதல் வீக்கத்தின் டேப்பை மெதுவாகப் பிரித்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரண்டாவதைப் பிரித்தேன். அந்த ஜாய்ஸ்டிக்கில் ஒவ்வொரு திசைக்கும் ஓர் இழை. சாம்பல் கேபிளின் பச்சை போகவேண்டிய இடத்தில் நீலம் போயிருந்தது, நீலத்தின் இடத்தில் பச்சை. இடதை அழுத்தினால் வலது, வலதை அழுத்தினால் இடது. ஒரு லைன்கூட மாறிப் பேசாத மனுஷன், தன் வீட்டுக் கூடத்தில், இரண்டு இழைகளை மாற்றி ஒட்டியிருந்தார். மதினியின் விரல்கள் இத்தனை வருடமும் அந்தத் தவறுக்கு ஏற்ப நடந்திருக்கின்றன. புதிய போர்டு அதைச் சரியாக்கிவிட்டது. சரியான ஜாய்ஸ்டிக்கில் அவருக்கு ஆடத் தெரியாது.

சட்டையை மாற்றக்கூடத் தோன்றாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருக்கோகர்ணத்துக்குப் போனேன். பிரித்த வயரைக் கட்டிலில் வைத்துக் காட்டினேன். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அட ஆமா தம்பி. இத்தன வருசம் கை பழகிப் பழகி அந்த நெனப்பே எனக்கு இப்ப இல்லாமப் போச்சே” என்றார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். மாமனாரிடம் குற்றம் சொல்லக்கூடாது என்பாராக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு நூல்கண்டைப் பற்றிச் சொன்னார். வயர் ஒட்டுவதற்கு ஒரு மாதம் முன்னால், அப்பாவின் சட்டைப் பொத்தான் தைக்க நீல நூல் வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறாள். அப்பா பச்சை வாங்கிவந்து, நீலம்தான் என்று சாதித்திருக்கிறார். “எனக்கு அன்னிக்கே சந்தேகம். வயரு மாறிப் போகவும் உறுதியாத் தெரிஞ்சுபோச்சு. மாமாவுக்கு ரிட்டயராக ஒரு வருசம் இருந்துச்சு. நெறம் பாக்குற வேலை. ஒங்ககிட்டச் சொன்னா நீங்க அவருகிட்டச் சொல்லுவீங்க. அவரு மனசு விட்டுப்போவாரு. எனக்கு என்ன, இங்கிட்டு அமுக்குறத அங்கிட்டு அமுக்குனாத் தீந்துச்சு” என்றார். யாராவது அந்த ஜாய்ஸ்டிக்கைத் தொட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்றுதான் கையை விட்டு இறக்காமல் வைத்திருந்திருக்கிறார். இருபத்தொரு வயதுப் பெண். நான் அந்த வயதில் என் செருப்பைக்கூடச் சரியாக விட்டதில்லை.

கதை அதோடு முடியவில்லை. வேலை ஓய்ந்த பிறகு அப்பாவுக்குக் கண்புரை எடுத்தார்கள். நான் அப்போது திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தேன். கட்டுப் பிரித்துப் பார்வையும் நிறமும் தெளிந்த பிறகு ஒருநாள் மத்தியானம், அப்பா அந்த வயரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு டேப்பைப் பிரித்திருக்கிறார். மதினி நிலைப்படியில் நின்று பார்த்திருக்கிறார். இடையில் சொல்லி அனுப்ப நான் இல்லை. அப்பா தலையைத் தூக்கி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மதினியின் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டிருக்கிறார்.

“ஏத்தா, பச்சையையும் நீலத்தையும் மாத்தி ஒட்டிருக்கேனே. இம்புட்டு நாளா ஏன் சொல்லல?”

“கை பழகிருச்சு மாமா.”

“பிரிச்சு ஒட்டித் தரவா?”

“வேணாம் மாமா. இப்ப மாத்துனீகன்னா தம்பிக்கிட்டத் தோத்துப்போவேன்.”

அப்பா புது டேப் எடுத்து, பழையபடியே சுற்றி மூடிவிட்டாராம். “அதுக்கப்பறம் எங்கிட்ட நேராத்தான் பேசுவாரு. காப்பிக்குச் சீனி கொறைன்னு அவரே சொல்லுவாரு” என்றார் மதினி. நான் ஹாஸ்டலிலிருந்து வந்தபோது தபால்காரன் வேலை போயிருந்ததைக் கவனித்திருக்கிறேன். வயசானதால் அப்பா இளகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அது அவர்கள் இரண்டு பேருடையது.

எனக்கு இரண்டு வழி இருந்தது. மதினியைச் சரியான ஜாய்ஸ்டிக்குக்குப் பழகச் சொல்லலாம், அல்லது தவறை மறுபடி கொண்டுவரலாம். யோசிக்க ஒன்றுமில்லை. கீழ ராஜ வீதியில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் ஒன்பது ஊசி வைத்த ப்ளக் ஒன்று வாங்கினேன். பிரித்த இரண்டு ஒட்டுகளுக்கும் இழை ஒன்றைக்கூட அசைக்காமல் டேப் சுற்றினேன். பழைய போர்டுக்குப் பக்கத்தில் வயரை வெட்டி, அப்பாவின் நாலு முழத்தை இரண்டு வீக்கங்களோடும் காப்பாற்றி, வெட்டிய நுனியில் அந்த ப்ளக்கை செல்போன் ரிப்பேர் கடையில் பற்றவைக்கக் கொடுத்தேன். பெட்டியில் வயர், வயரின் நுனியில் ரிசீவர். ஜாய்ஸ்டிக் சொல்வது அப்பாவின் ஒட்டைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. “வயர்லெஸ் ஆக்கிட்டு மறுபடி எதுக்குண்ணே வயரு?” என்றார் கடைக்காரர். வீட்டில் பெரியவர் ஒட்டியது என்றேன்.

டிவி மேஜைக்குப் பின்னால் வயரைச் சுருட்டி, ஒரு நூலால் கட்டி, வாக்கர் போகாத மூலையில் வைத்தேன். மதினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். ரேஷன் கடைக்காரர் வந்தார். மதினியின் கட்டைவிரல் இடப்பக்கம் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய ஆள் வலப்பக்கம் பாய்ந்து ரேஷன் கடைக்காரரை ஒரே அடியில் சாய்த்தான். மதினி நீளமாக ஒரு மூச்சு விட்டார். மூட்டு மாற்றிய காலை அவரே கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டார்.

“மாமா ஒட்டுனது எங்க இருக்கு?”

“டிவிக்குப் பின்னாடி மதினி.”

“அப்பச் சரி.”

நானும் என் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். சங்கிலிக்காரி வரும் நேரத்தில் பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான். மதினி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். கண் திரையை விட்டு நகரவில்லை. பெட்டியை மறுபடி இறக்கிவிட்டார்களாமே, கூடத்தில் வயர் கிடக்கிறதா என்று அவன் கேட்பது எனக்கே கேட்டது.

“ஒரு வயரும் இல்லய்யா, எல்லாத்தையும் ஒஞ் சித்தப்பா எடுத்துட்டாரு” என்று மதினி சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் டிவிக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.